டீ ஸ்டாண்டில் வைத்து நன்றாக அடிக்கும் மகள், பிட்சர் போட்டால் ஏன் தடுமாறுகிறாள்? சாஃப்ட்பாலுக்குப் புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க ஊர் லீக்குகளில் சாஃப்ட்பால் ஆடும் பெண்பிள்ளைகள் 8யூ பிரிவிலிருந்து (எட்டு வயதும் அதற்குக் கீழும்) 10யூ பிரிவுக்குப் (பத்து வயதும் அதற்குக் கீழும்) போகும் வருடம் பல வீடுகளில் கவலை தொடங்குகிறது. அதுவரை பந்தைப் போட்டது கோச். அடிக்கத் தோதாக, மெதுவாக, பிளேட்டின் (பேட்டருக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் தட்டு) நடுவில் போடுவார். இப்போது பந்து போடும் பிட்சர் அவள் வயதுப் பெண் ஒருத்தி. கையை ராட்டினம் போல ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்பருகே பந்தை விடுகிறாள். சில பந்து தலைக்கு மேலே போகும், சில பந்து காலடியில் விழும், சில பந்து உங்கள் மகளின் முதுகை நோக்கியே வரும். போன வருடம் ஆசை ஆசையாய் அடித்த பிள்ளை பேட்டைத் தோளிலிருந்து எடுக்காமல் நிற்கிறாள். இல்லையென்றால், பந்து அவளுக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் கிளவுக்குள் போன பிறகு பேட்டைச் சுற்றுகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் திருத்தம் ஆரம்பமாகிறது. முழங்கையைத் தூக்கு, இடுப்பைத் திருப்பு, பேட்டைத் தட்டையாகக் கொண்டு வா என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். பின்கட்டில் டீயில் (பந்தை அசையாமல் தாங்கி நிற்கும் தண்டு) வைத்து அடித்துக் காட்டச் சொன்னால் அழகாக அடிக்கிறாள். சனிக்கிழமை ஆட்டத்தில் மறுபடி அதே கதை.

இந்த நிலையில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஸ்விங்கில், அதாவது பேட்டை வீசும் விதத்தில், பெரிய குறை இருப்பதில்லை. அவர்கள் தாமதமாகத் தொடங்குகிறார்கள், பந்தைத் தாமதமாகப் பார்க்கிறார்கள், சிலர் பயப்படுகிறார்கள். இந்த மூன்றையும் சரிசெய்யாமல் முழங்கையைத் திருத்திக்கொண்டிருந்தால் ஒரு பருவம் முழுக்க வீணாகும். அதனால் இந்தக் கட்டுரையில் ஸ்விங்கின் வடிவத்துக்குக் குறைவாகவும், நேரத்துக்கும் கண்ணுக்கும் அதிகமாகவும் இடம் கொடுத்திருக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, சாஃப்ட்பாலை மகள் மூலமாகவே முதன்முதலில் பார்க்கும் அப்பா அம்மாக்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

10யூ பிரிவில் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட் 35 அடி. 12யூவில் 40 அடி. 14யூவிலிருந்து கல்லூரி வரை 43 அடி. பிட்சர் ஒரு பெரிய அடி முன்னால் தாவித்தான் பந்தை விடுகிறாள் என்பதால் உண்மையான தூரம் இதைவிட நாலைந்து அடி குறைவு. பத்து வயதில் ஓரளவு வேகமாகப் போடும் பெண்ணின் பந்து மணிக்கு 40 மைல் வரும். அந்தப் பந்து பிளேட்டுக்கு வந்து சேர அரை வினாடி ஆகும். கோச் மணிக்கு 25 மைலில் போட்டபோது உங்கள் மகளுக்குக் கிடைத்த நேரம் கிட்டத்தட்ட 0.8 வினாடி.

பேட் கிளம்பிப் பந்தைத் தொடுவதற்கே சுமார் 0.2 வினாடி போய்விடும். ஆகவே பந்தைப் பார்த்து, எங்கே வருகிறது என்று கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அவளிடம் மிஞ்சுவது 0.3 வினாடிதான். போன வருடம் இதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. ஸ்விங் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு முன்னால் இருந்த நேரம்தான் பாதியாகிவிட்டது. இதை மகளிடமும் சொல்லுங்கள். தன்னிடம் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கே பெரிய ஆறுதல்.

இன்னொரு உண்மைச் சம்பவத்தையும் சொல்லலாம். 2004-ல் நடந்த ஒரு காட்சிப் போட்டியில் அமெரிக்க சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபின்ச், பேஸ்பாலின் மிகச் சிறந்த பேட்டர்களில் ஒருவரான ஆல்பர்ட் புஹோல்ஸை ஸ்ட்ரைக் அவுட் செய்து வெளியேற்றினார். மணிக்கு 90 மைலைத் தாண்டும் பந்துகளை தினமும் அடித்தவர் அவர். ஃபின்ச்சின் பந்து அதைவிட மெதுவானது. ஆனால் புஹோல்ஸின் கண் தோளுக்கு மேலிருந்து வரும் பந்தைப் படிக்கப் பழகியிருந்தது. இடுப்பருகிலிருந்து கிளம்பும் பந்தில் அவருக்குத் தெரிந்த குறிப்பு எதுவுமே இல்லை. அடிப்பதற்குக் கை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கண்ணும் வேண்டும், கண்ணைப் பழக்கத்தால் மட்டுமே வளர்க்க முடியும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது நல்ல செய்தி.

நம் கிரிக்கெட் பழக்கங்கள்

கிரிக்கெட் தெரிந்த பெற்றோருக்குப் பந்தைப் பற்றிய உணர்வு இருக்கிறது, அது நல்லது. ஆனால் சில அறிவுரைகள் இங்கே பொருந்தாது. காலை முன்னால் போட்டுப் பந்து குத்தும் இடத்துக்குப் போ என்று சொல்லாதீர்கள். இங்கே பந்து குத்துவதில்லை. எடையை முழுக்க முன்காலில் போட்டால் இடுப்புச் சுழற்சியின் பலம் போய்விடும். நேர் பேட்டும் உதவாது. பந்து வரும் பாதையோடு பேட் கொஞ்ச தூரம் சேர்ந்து பயணிக்க வேண்டும் என்பதுதான் இங்கே கணக்கு.

மனப்பான்மையிலும் வித்தியாசம் இருக்கிறது. நல்ல பந்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம் என்ற பொறுமை டெஸ்ட் ஆட்டக்காரருக்கு அழகு. இங்கே நல்ல பந்தை விட்டால் அது ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் வெளியே.

பேட்: கனமானதை வாங்காதீர்கள்

மூன்று விஷயம் பார்த்தால் போதும். நீளம், எடை, முத்திரை. 10யூ பிள்ளைகள் பெரும்பாலும் 28 முதல் 30 அங்குல பேட் எடுக்கிறார்கள். பேட்டில் மைனஸ் 11, மைனஸ் 12 என்று ஒரு எண் இருக்கும். 29 அங்குல பேட்டில் மைனஸ் 12 என்றால் எடை 17 அவுன்ஸ். வேகமான பிட்சிங்கைச் சந்திக்கத் தொடங்கும் பிள்ளைக்கு மைனஸ் 12 அல்லது 13 பொருத்தம். மகள் பேட்டின் அடிப்பிடியை ஒரு கையால் பிடித்துப் பக்கவாட்டில் நேராக நீட்டட்டும். அரை நிமிடத்துக்குள் கை நடுங்கித் தாழ்ந்தால் அந்த பேட் கனம். அடுத்த வருடமும் ஆகும் என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, பேட்டுக்கு வேண்டாம். கனமான பேட் அவளிடம் இருக்கும் 0.3 வினாடியிலும் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும்.

அண்ணனின் பேஸ்பால் பேட்டைக் கொடுக்கக் கூடாது. சாஃப்ட்பால் பேட்டின் தடிமன் இரண்டேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. எந்தச் சங்கத்தின் முத்திரை உள்ள பேட்டை உங்கள் லீக் ஏற்கும் என்று வாங்குவதற்கு முன்பே கோச்சிடம் கேட்டுவிடுங்கள். விலை 300 டாலரைத் தாண்டும் பேட்டுகள் இந்த வயதில் தேவையே இல்லை.

பயத்தை முதல் நாளே கவனியுங்கள்

பந்து வரும்போது அவளுடைய முன்கால் எங்கே போகிறது என்று பாருங்கள். வலக்கை ஆட்டக்காரியின் இடதுகால் பிட்சரை நோக்கிப் போகாமல் மூன்றாம் பேஸ் (பிட்சரைப் பார்த்து நின்றால் இடது பக்க மூலை) பக்கம் விலகினால் அவள் பயப்படுகிறாள். இதைக் கால் பிழையாகப் பார்த்து, காலுக்குப் பின்னால் கட்டையை வைத்துத் திருத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயம் போனால் கால் தானாக நேராகும். பயம் இருக்கும்போது காலைக் கட்டினால் தலை விலகும்.

10யூ பிட்சர்களின் பந்து கட்டுப்பாடில்லாமல் வரும், அடிபடவும் செய்யும். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிப் பயனில்லை. அடிபட்ட பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும். எப்படி அடி வாங்குவது என்று கற்றுக்கொடுங்கள். பந்து உடம்பை நோக்கி வந்தால், வலக்கை ஆட்டக்காரி இடது தோளை உள்ளே, கேட்சர் பக்கமாகத் திருப்ப வேண்டும். தாடை நெஞ்சில் ஒட்ட வேண்டும், பேட் கீழே தாழ வேண்டும். முதுகும் தோளின் பின்புறமும் பந்தை வாங்கிக்கொள்ளும். முகமும் நெஞ்சும் வயிறும் பிட்சர் பக்கம் திறக்கவே கூடாது.

இதை டென்னிஸ் பந்து அல்லது ஃபோம் பந்தால் பழக்குங்கள். ஹெல்மெட்டும் முகக் கம்பியும் மாட்டிக்கொண்டு நிற்கட்டும். பத்துப் பந்தில் மூன்றை வேண்டுமென்றே அவள் மேல் போடுங்கள், எந்த மூன்று என்று சொல்லாதீர்கள். மற்றவற்றை அவள் அடிக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் திரும்புவது பழக்கமாகிவிடும். தப்பிக்கத் தெரியும் என்ற நம்பிக்கை வந்த பிள்ளைதான் தைரியமாகப் பிளேட்டுக்கு அருகில் நிற்பாள்.

ஸ்விங்: இவ்வளவு தெரிந்தால் போதும்

பேட்டை உள்ளங்கையில் அழுத்தாமல் விரல்களில் பிடிக்க வேண்டும். கதவைத் தட்டும் விரல் கணுக்கள் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருந்தால் மணிக்கட்டு தளர்வாக இருக்கும். கால்கள் தோள் அகலத்தைவிடச் சற்று விரிந்து, முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும்.

பிறகு லோட். எடை மெதுவாகப் பின் இடுப்புக்குப் போகும், கைகள் பின்தோள் பக்கம் கொஞ்சம் நகரும். முன்கால் சின்னதாக ஒரு அடி முன்னால் போய்ப் பெருவிரல் பக்கமாக மெல்ல இறங்கும். குதிகால் ஊன்றும்போது இடுப்பு திரும்பத் தொடங்கும், கைகள் அதைத் தொடரும். கைகள் உடம்பை ஒட்டி வர வேண்டும். கையை அகல வீசி, பேட்டின் தலை வெளியே ஒரு பெரிய வட்டம் போட்டால் தாமதமாகும். பந்தைத் தொடும் நேரத்தில் வலக்கை ஆட்டக்காரியின் மேல்கையான வலது உள்ளங்கை வானத்தையும் இடது உள்ளங்கை தரையையும் பார்க்கும்.

தொடும் இடமும் முக்கியம். நடுவில் வரும் பந்தை முன்காலுக்கு நேராகவோ சற்று முன்னாலோ தொட வேண்டும். உடம்பை ஒட்டி வரும் பந்தை இன்னும் முன்னால் பிடிக்க வேண்டும். வெளியே போகும் பந்தைக் கொஞ்சம் உள்ளே வரவிட்டு அடிக்க வேண்டும். டீயில் பயிற்சி செய்யும்போது எப்போதும் ஒரே இடத்தில் வைக்காமல் இந்த மூன்று இடங்களிலும் மாற்றி வையுங்கள். டீயின் பயன் அவ்வளவுதான். தினமும் பத்துப் பதினைந்து அடி அடித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

ஃப்ரண்ட் டாஸ்தான் உங்கள் பெரிய ஆயுதம்

எதிரில் கிட்டே நின்று பந்து போடும் இதுதான் பெற்றோர் கையில் இருக்கும் மிகச் சிறந்த பயிற்சி, செலவும் குறைவு. எல் வடிவில் ஒரு பக்கம் வெட்டப்பட்ட வலைத்திரை ஒன்று வேண்டும். எல் ஸ்க்ரீன் என்று கேட்டால் விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும். அது இல்லாமல் உண்மையான பந்தைப் போடாதீர்கள். அந்தத் தூரத்தில் நேராக அடித்த பந்தைத் தவிர்க்க உங்களுக்கு நேரமே இருக்காது. திரை வாங்கும்வரை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் பந்தால் சமாளிக்கலாம்.

மகளிடமிருந்து 18 அடி தூரத்தில் திரைக்குப் பின்னால் நின்று, கையைக் கீழிருந்து வீசிப் பந்தை முடிந்தவரை தட்டையாகப் போடுங்கள். வளைத்து மேலே தூக்கிப் போட்டால் பயனில்லை. 18 அடியில் மணிக்கு 25 மைலில் போட்டால் பந்து சேர அரை வினாடி ஆகும். 10யூ பிட்சரின் 40 மைல் பந்துக்கு ஆகும் அதே நேரம். உங்களுக்குச் சுழற்றிப் போடத் தெரிய வேண்டியதில்லை, தூரத்தைக் குறைத்தே அவளுக்கு ஆட்டத்தின் நேரத்தைக் கொடுத்துவிடலாம்.

போடுவதற்கு முன்னால் கையை ஒரு முறை பின்னே கொண்டுபோய்த் தெளிவாகக் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதே மாதிரி. கை பின்னே போகும்போது அவள் லோட் ஆக வேண்டும், கை முன்னே வரும்போது கால் வைக்க வேண்டும். இந்த ஒத்திசைவைத்தான் டீயால் கொடுக்க முடியாது. இரண்டு பேரும் களைப்பதற்கு முன் நிறுத்திவிடுங்கள். எட்டு எட்டுப் பந்தாக நாலைந்து சுற்று, நடுவில் தண்ணீர், பேச்சு. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரத்துக்குள். அதற்கு மேல் போனால் கை சோர்ந்து தப்பான பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

கொஞ்சம் பழகிய பிறகு கலவையைக் கூட்டுங்கள். சில பந்து வெளியே, சில பந்து முழங்காலுக்குக் கீழே. ஸ்ட்ரைக் பகுதி கக்கத்திலிருந்து முழங்கால் வரை, அகலத்தில் 17 அங்குல பிளேட். இதற்கு வெளியே போடுவதை அவள் விட வேண்டும். எல்லாமே நல்ல பந்தாகப் போட்டால் அடிப்பாள், ஆனால் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்ள மாட்டாள்.

எப்போது தொடங்குவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தாமதமாகச் சுற்றும் பிள்ளையிடம் நாம் "வேகமா சுத்து" என்கிறோம். அவள் அவசரப்படுகிறாள், கை இறுகுகிறது, தலை இழுபடுகிறது, இன்னும் மோசமாகிறது. சொல்ல வேண்டியது "சீக்கிரமா ஆரம்பி, மெதுவா ஆரம்பி" என்பதே. சுற்றுவது கடைசி நொடியில்தான். அதற்கு முந்தைய தயாரிப்புதான் முன்னமே நடக்க வேண்டும்.

பிட்சரின் கையைக் கடிகாரமாகப் பயன்படுத்தலாம். அவள் கை சுற்றி உச்சிக்குப் போகும்போது உங்கள் மகளின் எடை பின்னால் போயிருக்க வேண்டும். கை இறங்கி இடுப்பருகே பந்தை விடும்போது முன்கால் கிளம்பியிருக்க வேண்டும். பந்து பாதி வழி வருவதற்குள் பெருவிரல் தரையில் இருக்க வேண்டும். கால் தரையில் இருந்தால் மட்டுமே அவளால் முடிவெடுக்க முடியும். கால் காற்றில் இருக்கும்போது பந்து வந்துவிட்டால் எவ்வளவு நல்ல ஸ்விங்கும் உதவாது.

ஆரம்பத்தில் அவளை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "பின்னே… கால்… அடி." முதல் சொல் நீளமாக, கடைசிச் சொல் சட்டென்று. சில நாளில் வாய் நின்று உடம்பே சொல்லத் தொடங்கும்.

போனில் மெதுவோட்டக் காணொளி எடுங்கள். மகளின் நெஞ்சுப் பக்கமாக, பந்தும் தெரியும்படி, வேலிக்கு வெளியே நின்று எடுக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது ஒரே ஒரு இடத்தில் நிறுத்துங்கள், முன்கால் தரையைத் தொடும் அந்தப் படத்தில். அப்போது பந்து எங்கே இருக்கிறது? பிட்சரின் கைக்கு அருகிலா, பாதி வழியிலா, பிளேட்டுக்கு முன்னாலா? பத்து முழங்கை அறிவுரையை விட இந்த ஒரு படம் அதிகம் சொல்லும். மகளையே பார்த்துச் சொல்லவிடுங்கள். "என்னம்மா தெரியுது?" என்று கேட்டால் போதும், பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஃபவுல் (ஆட்ட எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) போகும் திசையும் இதையே காட்டும். வலக்கை ஆட்டக்காரியின் ஃபவுல்கள் வலது மூலையான முதல் பேஸ் பக்கமே போனால் அவள் தாமதம். மூன்றாம் பேஸ் பக்கம் போனால் அவசரம். நேராகப் பின்னால் வேலியில் போய் மோதினால் நேரம் மிகச் சரி, உயரம்தான் கொஞ்சம் தவறியது. அந்த மூன்றாவது வகைக்குக் கைதட்டுங்கள். அடுத்த பந்தை அவள் அடிக்கப்போகிறாள்.

கண்ணுக்குப் பயிற்சி

சுழலும் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் கிறங்கும். பிட்சர் தயாராகும்போது அவளுடைய நெஞ்சுப் பக்கம் மேலோட்டமாகப் பார்க்கட்டும். கை இறங்கும்போது பார்வை இடுப்புக்குப் பக்கத்தில் கூர்மையாக நிலைக்க வேண்டும். பந்து முதன்முதலில் தெரிவது அந்தச் சின்ன இடத்தில்தான்.

அணிப் பிட்சர்கள் பயிற்சி செய்யும்போது, அவர்களின் கோச் ஒப்புக்கொண்டால், உங்கள் மகள் ஹெல்மெட்டோடு பேட்டர் இடத்தில் நிற்கட்டும். சுற்றவே கூடாது. லோட் ஆகி, கால் வைத்து, பந்தைக் கேட்சரின் கிளவ் வரை பார்த்துக்கொண்டே, "பால்" (விட வேண்டிய கெட்ட பந்து) அல்லது "ஸ்ட்ரைக்" என்று பந்து வந்து சேருமுன் சொல்ல வேண்டும். பிட்சர்களுக்கும் எதிரில் ஆள் நிற்பது தேவை, அதனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் பயமும் குறைந்து, கண்ணும் தெளிகிறது. அடி பழகுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதை விட இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குவது பல பிள்ளைகளுக்கு அதிகம் உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டில் செய்ய வேண்டுமானால், பந்துகளில் பாதிக்குச் சிவப்பு மார்க்கராலும் பாதிக்கு நீல மார்க்கராலும் பெரிய பொட்டு வையுங்கள். ஃப்ரண்ட் டாஸில் சிவப்பை அடிக்க வேண்டும், நீலத்தை விட வேண்டும். முதல் நாள் எல்லாவற்றையும் அடிப்பாள். பரவாயில்லை.

பிட்சிங் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. வேகத்துக்குப் பழக அது நல்லது, ஆனால் அதற்குக் கை இல்லை. துளையிலிருந்து திடீரென்று பந்து வருவதால் லோட் ஆகும் நேரத்தை அது கற்றுக்கொடுக்காது. பந்து போடுகிறவர் பந்தைத் தூக்கிக் காட்டி, கையை ஒரு சுற்று சுற்றிவிட்டு மெஷினில் போட்டால் குறை பாதி தீரும். மெஷின் இருக்கும் வலைக்கூண்டான கேஜில் வேகத்தை ஆட்டத்தில் வருவதை விடச் சற்றே கூட்டலாம். ரொம்பக் கூட்டினால் குருட்டாம்போக்கில் சுற்றப் பழகிவிடுவாள்.

மெதுவாக வரும் பந்து

10யூவின் கடைசியிலும் 12யூவிலும் சேஞ்சப் வரத் தொடங்கும். கை அதே வேகத்தில் சுற்றும், பந்து மட்டும் பத்துப் பதினைந்து மைல் குறைவாக வரும். நேரத்துக்குத் தொடங்கக் கற்றுக்கொண்ட பிள்ளை இதில் முன்னால் விழுவாள். கால் நேரத்துக்கு இறங்கட்டும், கைகள் மட்டும் பின்னாலேயே காத்திருக்கட்டும். எடை பாதிக்கு மேல் பின்காலில் இருந்தால் காத்திருக்க முடியும். ஃப்ரண்ட் டாஸில் ஐந்தாறு பந்துக்கு ஒரு முறை, அதே கையசைவில், மெதுவாக ஒன்று போடுங்கள். முதல் குறிக்கோள் அடிப்பது இல்லை, முன்னால் விழாமல் நிற்பது.

ஆட்ட நாளில்

அடுத்து ஆடப்போகிறவள் ஆன் டெக் வட்டத்தில் நிற்பாள். அங்கே தோழியோடு பேசிக்கொண்டிருக்காமல், பிட்சரின் ஒவ்வொரு பந்துக்கும் லோட் ஆகிக் கால் வைக்க வேண்டும். புதுப் பிட்சர் வந்து பழகும் பந்துகளைப் போடும்போது டக்அவுட் பக்கத்திலிருந்தும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு பிட்சரின் தாளமும் வேறு. முதல் ஸ்ட்ரைக்கை இழந்த பிறகு அந்தத் தாளத்தைத் தேடுவது தாமதம்.

பிளேட்டில் நிற்கும்போது மனதில் ஒரே முடிவு: அடிக்கப்போகிறேன். கெட்ட பந்து என்று தெரிந்தால் மட்டும் நிறுத்துகிறேன். நல்ல பந்தா என்று பார்த்துவிட்டு அடிக்கலாம் என்று நின்றால் 0.3 வினாடி போதாது.

இதில் பெற்றோருக்கும் கோச்சுகளுக்கும் ஒரு வேண்டுகோள். 10யூ ஆட்டத்தில் பிட்சர்கள் நிறைய பால் போடுவார்கள். சும்மா நின்றாலே முதல் பேஸ் கிடைக்கும் என்பதால் "அடிக்காதே, வாக் வாங்கு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. அன்றைய ஆட்டம் ஜெயிக்கலாம். ஆனால் நிற்கப் பழகிய பிள்ளை 12யூவில், பிட்சர்கள் ஸ்ட்ரைக் போடத் தொடங்கியதும், கை வராமல் நிற்கிறாள். இந்த வயதில் சுற்றி ஸ்ட்ரைக் அவுட் ஆவதை நான் குறையாகவே பார்ப்பதில்லை.

இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டால் பேட்டை ஓர் அங்குலம் மேலே பிடிக்கட்டும், காலை இன்னும் சற்று விரிக்கட்டும். சந்தேகமான பந்தையும் தொட முயலட்டும். ஃபவுல் ஆனால் ஆட்டம் தொடரும். இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு பன்ட் (பேட்டைச் சுற்றாமல் பந்தை மெல்லத் தட்டுவது) செய்து ஃபவுல் ஆனால் மட்டும் அவுட் என்பதை மறக்க வேண்டாம்.

பார்வையாளர் பக்கமிருந்து நீங்கள் எந்தத் திருத்தமும் சொல்லாதீர்கள். அரை வினாடிக்குள் அவளால் உங்கள் குரலையும் கேட்டுப் பந்தையும் பார்க்க முடியாது. பெயர் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், அவ்வளவு போதும். காரில் வீட்டுக்கு வரும்போதும் அவளாகப் பேசினால் பேசுங்கள். திருத்தம் செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குக் காத்திருக்கலாம்.

மே மாதக் கடைசியில் ஓக்லஹோமா சிட்டியில் பெண்கள் கல்லூரி உலகத் தொடர் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை போகும், டிவியில் வரும். இரண்டு பேரும் உட்கார்ந்து பாருங்கள். பந்தைப் பார்க்காமல், பிட்சர் பந்தை விடும்போது பேட்டரின் முன்கால் என்ன செய்கிறது என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் சாஃப்ட்பால் திரும்ப வருகிறது. அந்த ஆட்டங்களும் ஓக்லஹோமா சிட்டியில்தான் என்று முடிவாகியிருக்கிறது.

12யூவுக்குப் போகும்போது

தூரம் 35 அடியிலிருந்து 40 ஆகும், பந்தின் சுற்றளவு 11 அங்குலத்திலிருந்து 12 ஆகும், வேகம் மணிக்கு 50 மைலை எட்டும். தூரமும் வேகமும் சேர்ந்தே கூடுவதால் கிடைக்கும் நேரம் பெரிதாக மாறாது, ஆனால் பழைய தாளம் பொருந்தாது. முதல் சில வாரம் மறுபடி தாமதமாகச் சுற்றுவாள். ஸ்விங்கை மாற்றத் தொடங்காமல், பிட்சர் பயிற்சியின்போது பேட்டை அசைக்காமல் நின்று "பால், ஸ்ட்ரைக்" சொல்லும் பயிற்சியிலிருந்து திரும்பவும் தொடங்குங்கள். பிறகு ஃப்ரண்ட் டாஸுக்கு 12 அங்குலப் பந்தை எடுத்துக்கொண்டு, வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள். ஒரு மாதம் இப்படிப் போன பிறகும் காணொளியில் கால் நேரத்துக்கு இறங்கி, அப்படியும் பந்து படவில்லை என்றால், அப்போது நல்ல ஹிட்டிங் கோச் ஒருவரிடம் கூட்டிப்போய் ஸ்விங்கைக் காட்டுங்கள். அந்தக் காணொளியையும் கையோடு எடுத்துப் போங்கள்.